சிறுநீரகப் பாதிப்புக்குப் பழக்கூழ் ஏற்றதா?

கேள்வி: அப்பாவின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்துவிட்டது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மென்று சாப்பிடச் சிரமப்படுவதால் பழக்கூழ் கொடுக்க நினைக்கிறோம். டப்பா லேபிளில் பொட்டாசியம் அளவே இல்லை. எப்படி முடிவு செய்வது?

பதில்: எந்தப் பழம், எத்தனை கிராம் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு வேளைக்கு 200 மி.கி.க்கு உட்பட்டால் பொட்டாசியம் குறைவு என்பது உணவியல் நிபுணர்களின் பொதுவான கணக்கு. சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் கூழ் 100 கிராமில் ஏறக்குறைய 75 மி.கி. இருக்கும். மாம்பழத்தில் 170, வாழைப்பழத்தில் 360. அதாவது 120 கிராம் ஆப்பிள் கூழ் 90 மி.கி.யோடு நிற்கும், அதே எடை வாழைப்பழக் கூழ் 430ஐ எட்டிவிடும். மாம்பழம் விளிம்பில் இருக்கிறது, 60 கிராமோடு நிறுத்திக்கொண்டால் பயமில்லை.

கிண்ணத்தால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துக் கொடுங்கள். கூழில் இடைவெளி இல்லாததால் அரைக் கிண்ணத் துண்டுகளைவிட அரைக் கிண்ணக் கூழில் பழம் அதிகம். தண்ணீராக இருக்கிறதே என்று அடுப்பில் சுண்டவைக்கவும் கூடாது. ஆவியாகப் போவது நீர் மட்டும்தான். 200 கிராம் கூழ் 100 கிராமாக வற்றினால், ஒவ்வொரு கரண்டியிலும் பொட்டாசியம் இரண்டு மடங்கு. லேபிளில் 'அடர்கூழ்' என்றிருந்தால் அதுவும் இப்படி வற்றவைத்ததுதான்.

அடுத்து, சேர்மானப் பட்டியல். பொட்டாசியம் சார்பேட் (கூழ் கெடாமலிருக்கச் சேர்ப்பது, லேபிளில் எண் 202) என்ற பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். கிலோவுக்கு 1 கிராம் சேர்த்திருந்தாலும் 100 கிராம் கூழில் 26 மி.கி.தான் கூடும். கவலைப்பட வேண்டியது பாஸ்பாரிக் அமிலமும் பாஸ்பேட்டுகளும் (338 முதல் 341, 450 முதல் 452). இவற்றில் உள்ள பாஸ்பரஸையும் பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாது. பழத்தில் இயல்பாக உள்ள பாஸ்பரஸைவிட, இப்படிச் சேர்க்கும் பாஸ்பரஸை உடல் மிக அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

கலவைப் பழக்கூழில் நட்சத்திரப் பழம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதிலுள்ள நரம்பு நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்ற பேச்சே இதில் வேண்டாம்.

வீட்டில் செய்வதே என் தேர்வு. ஆப்பிளைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டு அரைத்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அரைத்த பிறகு இதற்கு வழியில்லை.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு நாளின் திரவ அளவில் கூழைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: சேர்க்க வேண்டும். ஆப்பிள் கூழ் 100 கிராமில் 88 கிராம் தண்ணீர்தான். கெட்டியாகத் தெரிவதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்; மறுநாள் எடை கூடிய பிறகு காரணம் தேடுகிறார்கள்.