குதிகால் பின்பக்க வலி: செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. காட்பாடியில் மளிகைக் கடையில் நாள் முழுக்க நிற்பதாகவும், காலையில் எழுந்து நடக்கவே குதிகாலின் பின்பக்கம் இழுத்துப் பிடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே இடத்தில்தான் வந்தது.

கடையில் நீங்கள் போட்டு நிற்கும் ரப்பர் செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள், குதிகால் பக்கம் அப்பளம் மாதிரி தேய்ந்திருக்கும். குதிகால் தாழத் தாழ, கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டும் அகில்லஸ் தசைநாண் கூடுதலாக இழுபடும். எலும்பில் ஒட்டும் இடத்தில் நசுங்கவும் செய்யும். குதிகால் ஒரு சென்டிமீட்டர் போல உயர்ந்த, பின்பட்டை உரசாத செருப்பாக வாங்குங்கள். நான் ஆம்பூரில் வாங்கிய தோல் செருப்பில், தைப்பவரிடம் சொல்லிக் குதிகாலில் இன்னொரு தோல் துண்டு ஒட்டிக்கொண்டேன். இரண்டு காலுக்கும் சமமாக வையுங்கள். வீட்டு மொசைக் தரையிலும் இப்போதைக்கு வெறுங்கால் வேண்டாம்.

ஆனால் செருப்பு சுமையைத்தான் குறைக்கும். நாணுக்குப் பலம் வர, சுவரைப் பிடித்து மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மூன்று மாதமாவது பிடிக்கும். வலி எலும்பருகே இருந்தால் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடாதீர்கள். மறுநாள் காலை வலி கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அப்புறம், திடீரென 'டப்' என்று அறுந்த மாதிரி இருந்து நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.