பாஸ்போர்ட் நகல் கசிந்தால் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறேன், வீடு கோபிசெட்டிபாளையத்தில். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்வரக் கோவையில் உள்ள ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தில் ரூ.2,14,000 கட்டினேன். என்னுடையது, மனைவியுடையது, அம்மாவுடையது, பள்ளியில் படிக்கும் மகனுடையது என நான்கு பாஸ்போர்ட்டுகளையும் கைப்பேசியில் படமெடுத்து, அவர்கள் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். ஆறு வாரத்துக்கு முன்பு, தங்கள் கணினிக்குள் வெளியாட்கள் நுழைந்துவிட்டதாகவும் வாடிக்கையாளர்களின் பாஸ்போர்ட் நகல்கள் போயிருக்கலாம் என்றும் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதற்குள் ஒரு கடன் செயலியில் என் பெயரில் ரூ.38,000 கடன் வாங்கப்பட்டு, தவணை கட்டாதவன் என்று சிபில் கடன் பதிவில் ஏறிவிட்டது. மண்டிக்கான ஓ.டி. (மிகைப்பற்றுக் கடன்) வரம்பைப் புதுப்பிக்க வங்கி தயங்குகிறது. மனைவியின் பெயரில் நாங்கள் வாங்காத சிம் ஒன்று ஓடுகிறது. டிராவல்ஸ் நிறுவனமோ, 'நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், பாஸ்போர்ட் எண்ணை மட்டும் வைத்து யாரும் எதுவும் செய்துவிட முடியாது' என்கிறது. இழப்பீடு கிடைக்குமா? எங்கே கேட்பது? 'தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துப்போட்டு வேற பாஸ்போர்ட் வாங்கிக்குங்' என்று பங்காளி ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? அடுத்த மாதம் மறுபடியும் சிங்கப்பூர் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

பதில்: இழப்பீடு கேட்கலாம். ஆனால் தரவு கசிந்தது என்ற ஒன்றுக்காக மட்டும் நம் நாட்டுச் சட்டம் இன்று யாருக்கும் பணம் எடுத்துத் தருவதில்லை. கசிவினால் உங்களுக்கு நேர்ந்த இழப்பு இன்னது, அது இந்த நிறுவனத்தின் கவனக்குறைவால்தான் நேர்ந்தது என்று காட்டினால்தான் பணம். மண்டிக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடைச் சீட்டு இல்லாமல் பட்டுவாடா கேட்டு வருகிறவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே நுகர்வோர் ஆணையமும் உங்களிடம் சொல்லும்.

முதலில் நிறுவனத்தின் பதிலை எடுத்துக்கொள்வோம். போனது எண் மட்டுமல்ல. நம் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் புகைப்படம், கையொப்பம், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவை இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, துணைவர் பெயர்களும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. அடையாளத்துக்கும் முகவரிக்கும் சேர்த்து ஒரே ஆவணமாகச் செல்லுபடியாகும் தாள் அது. கடவுச்சொல்லை மாற்றுவது போலத் தாயின் பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், இந்தக் கசிவை எளிதாக எடுத்துக்கொள்ளச் சொல்வது பொறுப்பான பேச்சல்ல. ஆஸ்திரேலியாவில் 2022-இல் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தபோது, பாஸ்போர்ட் எண்ணைப் பறிகொடுத்தவர்களின் புதிய பாஸ்போர்ட் செலவை அந்த நிறுவனமே ஏற்க நேர்ந்தது. நம் நாட்டில் 2021-இல் ஏர் இந்தியாவின் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் வெளியானபோதும் அவற்றில் பாஸ்போர்ட் விவரங்கள் இருந்தன.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. பலரும் முதலில் சொல்வது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறிய நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் என்று படித்ததும் அதில் நமக்கும் ஒரு பங்கு வரும் என்று நினைப்பது இயல்பு. ஒரு ரூபாய்கூட வராது. அபராதம் முழுவதும் அரசுக் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்விடும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. தவிரவும், அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

இரண்டாவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு. நுட்பமான தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பைப் பேணாமல் கவனக்குறைவாக இருந்து, அதனால் ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால், அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது இப்பிரிவு. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அலுவலராக இருந்து ரூ.5 கோடி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார். இது ஏட்டளவில் நின்றுவிட்ட அதிகாரமும் அல்ல. 2010-இல் போலி மின்னஞ்சலில் ஏமாந்து வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை இழந்த ஒருவருக்கு, தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர் அதே சட்டத்தின்கீழ் ரூ.12 லட்சத்துக்கும் மேல் வழங்க உத்தரவிட்டார். ஆனால் உங்கள் வழக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. 'நுட்பமான தரவு' எது என்பதை 2011-ஆம் ஆண்டு விதிகள் பட்டியலிடுகின்றன: கடவுச்சொல், வங்கிக் கணக்கு மற்றும் அட்டை விவரங்கள், உடல், மனநலம், மருத்துவப் பதிவு, பாலியல் நாட்டம், உயிரியளவுத் தகவல். பாஸ்போர்ட் எண் அந்தப் பட்டியலில் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எழுப்புவார். ஆகவே உங்களுக்கு வந்த மின்னஞ்சலை மறுபடியும் வரி வரியாகப் படியுங்கள். பணம் கட்டிய அட்டையின் விவரமோ வங்கிக் கணக்கு எண்ணோ போனதாக அதில் ஒரு வார்த்தை இருந்தால், இந்த வழி திறக்கும். இல்லையென்றால் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணமும் கோரும் தொகையைப் பொறுத்தது, ரூ.3 லட்சம் கேட்டால் ரூ.9,000 முன்னதாகக் கட்ட வேண்டும்.

என் கருத்தில் உங்களுக்கு உகந்த இடம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளிப்படுத்துவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. திருட்டை 'வெளிப்படுத்துதல்' என்று சொல்ல முடியாது என்று அவர்கள் வாதிடக்கூடும். அதனால் புகாரில் அதை மட்டும் நம்பியிராமல், பெற்ற ஆவணத்தைப் பாதுகாக்காதது சேவைக் குறைபாடு என்பதையே முதன்மையாக எழுத வேண்டும். கோவை நிறுவனம் என்பதற்காகக் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ரசீதின் பின்புறம் 'வழக்குகள் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கே உட்பட்டவை' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. ஆணையக் கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, சேவைக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது, ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. குடும்பப் பயணத்துக்குச் சொந்தப் பணம் கட்டியிருப்பதால் 'வணிக நோக்கம்' என்ற ஆட்சேபணையும் எடுபடாது. பணம் கட்டியவர் நீங்கள் ஒருவரே என்றாலும், உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெற்ற மனைவியும் தாயாரும் நுகர்வோரே. மகனுக்காக நீங்கள் கையெழுத்திடலாம். கால வரம்பு 2 ஆண்டு.

உண்மையான சண்டை நடக்கப்போவது வேறொரு இடத்தில். 'இதே பாஸ்போர்ட் நகலை ஓட்டலில் கொடுத்திருப்பீர்கள், சிம் கடையில் கொடுத்திருப்பீர்கள், ஜெராக்ஸ் கடைக் கணினியில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். எங்களிடமிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பெரும்பாலான புகார்கள் இங்கேதான் சறுக்குகின்றன. உங்களிடம் இதற்கு நல்ல விடை இருக்கிறது; நீங்கள் கடிதத்தோடு இணைத்த படத்தைப் பார்த்ததும் எனக்கு அது புலப்பட்டது. உங்கள் பாஸ்போர்ட்டை மண்டிக் கல்லாப்பெட்டியின் மேல் விரித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில், பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்கப் பிடித்த கட்டைவிரல் தெரிகிறது, நகக்கண்ணில் மஞ்சள் அப்பியிருக்கிறது. அந்தப் படத்தை அந்த ஒரு எண்ணைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாள) கோப்பில் இருக்கும் நகலில் அதே விரலும் அதே மஞ்சளும் இருந்தால், உங்கள் வழக்கின் பாதித் தூரம் கடந்தாயிற்று.

எனவே கடன் நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள்: அக்கடன் உங்களுடையதல்ல, அதற்காகப் பெறப்பட்ட ஆவணங்களின் நகலும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் விவரமும் வேண்டும். அவர்கள் தர மறுத்தால் காவல்துறை குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்கீழ் வரவழைக்கலாம். ஆணையமும் ஆவணங்களை முன்வைக்கச் சொல்லி உத்தரவிடலாம். மனைவியின் பெயரிலான சிம்முக்கும் இதே போல விண்ணப்பப் படிவத்தைக் கேளுங்கள். அதுவரை அந்தக் கைப்பேசியை மாற்றவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ, வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டால் சான்றாகிவிடாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியமின் 63(4)-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவி தேவைப்படும்.

இன்னொன்று மிக அவசரம். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. உங்களுக்கு நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலின்படி ஊடுருவல் நடந்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் சுமார் 60 நாள் கழிந்தால் 'பதிவுகள் வழக்கம்போல் அழிந்துவிட்டன' என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ஆகவே இந்த வாரமே, ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்: எந்தத் தேதியில் ஊடுருவல் நடந்தது, எங்கள் நால்வரின் எந்தெந்த ஆவணங்கள் போயின, செர்ட்-இன்னுக்கு எப்போது தெரிவித்தீர்கள், பயணம் முடிந்த பிறகும் நகல்களை ஏன் வைத்திருந்தீர்கள், பதிவுகளை வழக்கு முடியும் வரை அழிக்கக் கூடாது. கடைசிக் கேள்விதான் அவர்களுக்குப் பதில் சொல்லச் சிரமமானது என்பது என் அனுபவம். மென்பொருள் வேறொருவருடையது என்று கைகாட்டினால், அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்களிடம் பணம் வாங்கியவரின் பொறுப்பு அதனால் குறையாது.

காவல்துறைப் புகாரையும் தள்ளிப்போட வேண்டாம். 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ பதிந்துவிட்டு, ஈரோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் நேரில் கொடுத்துச் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதாவது வாங்கிவிடுங்கள், பிறருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை உள்ள குற்றம். அந்த ரசீதோடு சிபில் நிறுவனத்திடமும் கடன் நிறுவனத்திடமும் திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இந்த விவகாரம் முழுவதிலும் வாதாடாமல் கிடைக்கக்கூடிய பணம் இது ஒன்றுதான். அதனால் புகார் கொடுத்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். சிம்மைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'என்னுடையது அல்ல' என்று குறித்துத் துண்டிக்கச் சொல்லலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டுக் கடிதம் அனுப்பிய பிறகு செய்யுங்கள்.

எவ்வளவு கேட்பது? ஓ.டி. வரம்பு கிடைக்காததால் வெளியில் கூடுதல் வட்டிக்குப் பணம் புரட்டியிருந்தால் அந்த வட்டி வித்தியாசம், அலைச்சல் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். வங்கி மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது போதாது; சிபில் பதிவுதான் காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். 'சீசனில் மஞ்சள் கொள்முதல் செய்ய முடியாமல் போன லாபம்' என்று பெருந்தொகை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் இல்லை என்பதற்காக ரூ.50 லட்சம் கேட்டு எழுதப்படும் புகார்களில், உண்மையாக நிரூபிக்கக்கூடிய ரூ.60,000-மும் சேர்ந்தே நம்பகத்தன்மையை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் ஆவணமும் மகனின் ஆவணமும் இதுவரை தவறாகப் பயன்படுத்தப்படவில்லை. அவர்களுக்காக மன உளைச்சலுக்கு ஒரு மிதமான தொகையைக் கேளுங்கள், கூடவே இனி ஏதேனும் நேர்ந்தால் தனியாகக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று புகாரிலேயே எழுதுங்கள். சமரசம் பேசி நிறுவனம் ஏதேனும் தாளை நீட்டினால், 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாராமல் கையெழுத்திட வேண்டாம்.

பங்காளி சொன்ன யோசனைக்கு வருகிறேன். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைத் தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுப்பது, 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பாதிக்கப்பட்டவராக ஆணையத்தில் நிற்க வேண்டியவர் பொய்ப் புகார் கொடுத்தவராக நிற்க நேரும். நால்வரில் யாருடைய பாஸ்போர்ட்டாவது ஓராண்டுக்குள் காலாவதியாவதாக இருந்தால், முறைப்படி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். புதிய புத்தகத்துக்குப் புதிய எண் வரும், பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகத்தின் கட்டணமான ரூ.1,500-ஐயும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, நடந்ததை விளக்கிச் சி.எஸ்.ஆர். ரசீதின் நகலோடு கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி ஒப்புகை வாங்கி வைத்தால் போதும்.

நகல் கசிந்ததால் பாஸ்போர்ட்டின் செல்லுபடி குறைவதில்லை. குடியேற்றப் பிரிவில் பார்ப்பது உங்கள் கையிலுள்ள மூலப் புத்தகத்தையும் உங்கள் முகத்தையும்தான். தொலைந்ததாக எழுதிக் கொடுத்தால்தான் அந்த எண் தொலைந்த பாஸ்போர்ட்டுகளின் பட்டியலில் ஏறி, நீங்கள் விமான நிலையத்தில் நிறுத்தப்படுவீர்கள். அடுத்த மாத டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை.