துணைக்கு ஹெபடைட்டிஸ் பி: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. ரத்த தானம் செய்யப் போன இடத்தில் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று தெரிந்தது. எனக்கு நெகட்டிவ். கல்யாணமே வேண்டாம் என்கிறார் அப்பா.
– வாசகி, சேலம்

ஹெபடைட்டிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி. கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

உங்கள் 'நெகட்டிவ்' என்பது பெரும்பாலும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்டாக இருக்கும். கிருமி உங்கள் ரத்தத்தில் தென்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். எதிர்ப்புச் சக்தி உண்டா என்று சொல்லாது. "எனக்குத்தான் இல்லையே" என்று தடுப்பூசியே போடாமல் இருந்துவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடுவது 2011 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. கல்யாண வயதில் இருக்கும் பலர் சிறுவயதில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆன்டி எச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி உண்டா என்று காட்டுவது), ஆன்டி எச்.பி. கோர் (கிருமி எப்போதாவது தொற்றியதா என்று காட்டுவது) என்ற இரண்டு டெஸ்ட்களையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என மூன்று ஊசி. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்.பி.எஸ். அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. மற்ற பெரும்பாலோருக்கு இந்தக் கடைசிப் பரிசோதனை அவசியமில்லை, உங்களுக்கு அவசியம். 10-க்குக் கீழே இருந்தால் இன்னொரு சுற்று ஊசி. அதுவரை ஆணுறை. அவரும் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாமல் வைரஸ் அளவு, கல்லீரல் பரிசோதனைகளை எடுக்க வேண்டும்; 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

முத்தம் கொடுக்கலாமா? ஒரே தட்டில் சாப்பிடலாமா?

இரண்டும் தாராளமாக. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாள்வரை தாக்குப்பிடிக்கும்.

மனைவிக்குக் கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ். கல்யாணமாகி எட்டு வருடம், எனக்கு இல்லை. அவருக்கு எங்கிருந்து வந்தது?
– பெயர் வேண்டாம்

கேள்விக்குள் இருக்கும் சந்தேகம் புரிகிறது. பிறந்த குழந்தைக்கு இது தொற்றினால் 10-ல் 9 பேருக்கு நிலைத்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-ல் சுமார் 95 பேர் ஆறு மாதத்துக்குள் தாமாகவே குணமாகிவிடுவார்கள். ஆகவே நாள்பட்ட பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் பிறப்பிலோ சின்ன வயதிலோ வந்ததுதான். எந்தத் தொந்தரவும் தராமல் பல வருடம் கிடக்கும். மஞ்சள் காமாலைகூட வந்திருக்காது. மாமியார் வீட்டில் எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், அது பிரயோஜனமான வேலை.

நீங்களும் மேலே சொன்ன ஆன்டி எச்.பி. கோர் டெஸ்ட் எடுங்கள். முன்பே உங்களுக்கு வந்து போயிருக்கலாம்; அப்படியானால் ஊசி தேவைப்படாது. குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசி) போட வேண்டும். மனைவியின் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு (IU) மேல் போனால் கடைசி மூன்று மாதங்களில் வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. அவர் பாசிட்டிவ். நான் ஊசி போட்டதில்லை.

இதைப் படித்து முடிக்கும் முன்பே கிளம்புங்கள். தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் ஒரே நாளில், உடலில் வெவ்வேறு இடத்தில் போடுவார்கள். முதல் 24 மணி நேரம் சிறந்தது. 14 நாளுக்குப் பிறகு இம்யூனோகுளோபுலினால் பயனிருக்காது. அது எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது, பெரிய மருத்துவமனைக்கே போய்விடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

கீழாநெல்லி சாப்பிட்டால் என் கணவருக்கு நெகட்டிவ் ஆகிவிடுமாமே?
– வாசகி, மதுரை

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு நெகட்டிவ் ஆனது என்றது அது. நம் ஊரில் அது பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அவர் ஏற்கெனவே டெனோஃபோவிர் எடுத்துக்கொண்டிருந்தால், கீழாநெல்லியை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி கல்லீரல் செயலிழக்கும் நிலைவரை போகலாம். அவர் எதைச் சாப்பிட்டாலும் உங்களுக்கான மூன்று ஊசி உண்டு.