ஒரே ஆறு, மூன்று நாடுகள்

கேள்வி: மூன்று அண்டை நாடுகள் வழியாக ஓடும் ஆற்றை மையமாக வைத்து, 15–17 வயதினருக்குச் சுற்றுச்சூழல் தலைமைப் பயிற்சி தர நினைக்கிறோம். முகாமில் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முகாமுக்கு முன்பே ஆற்றுநீரின் தரத்தை அளவெடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். நாட்டுக்கு 8 பேர், மொத்தம் 24 பேர் போதும். நாட்டுக்கு இருவர் வீதம் கலந்து, ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். நாடுவாரியாகக் குழு அமைத்தால் அது போட்டியாகிவிடும்.

அளவெடுப்பதில்தான் சண்டை வரும். ஒரு நாட்டினர் காலையிலும் இன்னொரு நாட்டினர் பிற்பகலிலும் நீரில் கரைந்த ஆக்சிஜனைச் சோதித்தால் எண்கள் ஒத்துப்போகாது. பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறும், இரவில் சுவாசத்தால் இறங்கும். இது தெரியாமல், குறைந்த எண்ணைப் பார்த்து "உங்கள் பக்கம்தான் அழுக்கு" என்று பிள்ளைகள் குற்றம்சாட்டத் தொடங்குவார்கள். எனவே மூன்று இடங்களிலும் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் சோதியுங்கள். பாட்டிலை அதே ஆற்றுநீரில் மூன்று முறை அலசி, வாய் நீரோட்டத்தை எதிர்நோக்க, ஒரு சாண் ஆழத்தில் நிரப்ப வேண்டும். சோதனைப் பட்டைகள் (நீரில் நனைத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் தாள்கள்) மூன்று நாட்டுக்கும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும்.

கூட்டத் தலைமை வாராவாரம் மாறட்டும்; பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது (இதுதான் கஷ்டம்!). எல்லை தாண்டும் சிறார்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பல நாடுகள் கேட்கும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முகாம் முடிந்தபின் ஆறு மாதத்துக்காவது குழுவுக்கு ஒரு வழிகாட்டி தேவை.