மலையேற்றத்தில் வெளிக்குப் போவது: கேள்வி பதில்

கேள்வி: முதல்முறையாக இரண்டு நாள் மலையேற்றம் போகிறேன். வழியில் கழிப்பறை இல்லையாம், குழி தோண்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கே, எவ்வளவு ஆழம்?

பதில்: ஆழம் 15 முதல் 20 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அகலம் 10 முதல் 15 செ.மீ. ஓடை, நடைபாதை, கூடாரம் மூன்றையும் விட்டு 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். பெரியவர் நடையில் ஏறக்குறைய 80 எட்டு. மழைநீர் வடியும் பள்ளம் கூடாது. இன்று காய்ந்து கிடந்தாலும் மழை வந்தால் அதுவும் ஓடைதான். இலைமக்கு கலந்த கருமண்ணாக, கொஞ்சம் வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

செடிக்குக் குழி எடுக்கும் சிறிய மண்வெட்டி போதும். மேலே இருக்கும் புல்லையும் சருகையும் மண்ணோடு ஒரே வில்லையாகப் பெயர்த்து ஓரமாக வையுங்கள். தோண்டிய மண்ணைக் கைக்கு எட்டும் தூரத்தில் குவியுங்கள். முடிந்ததும் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுக் குச்சியால் கிளறுங்கள். மண்ணோடு கலந்தால்தான் சீக்கிரம் மக்கும். குச்சியும் குழிக்குள்ளேயே போகட்டும். மண்வெட்டியால் கிளறாதீர்கள், அதைத் திரும்பப் பைக்குள் வைக்க வேண்டுமே! பிறகு மீதி மண், பெயர்த்த வில்லை, மேலே சருகு.

கேள்வி: ஒன்றரை அடி தோண்டினால் இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஆழத்தில் காற்றோட்டம் குறைவு, அங்கே புதைத்தது நெடுநாள் அப்படியே கிடக்கும். ஆழம் குறைந்தால் வேறு தொல்லை: விலங்குகள் மோப்பம் பிடித்துக் கிளறும், இல்லாவிட்டால் மழை அரித்து வெளியே தள்ளும். முறையாகப் புதைத்தாலும்கூடச் சில நோய்க்கிருமிகள் ஒரு வருடத்துக்கு மேல் பிழைத்திருக்கும். ஆகவே ஆழத்தில் ஓரிரு செ.மீ. கூடக்குறைய இருந்தால் போகட்டும், தண்ணீரிலிருந்து 60 மீட்டர் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கேள்வி: ஒரு கல்லைப் புரட்டி, வேலையை முடித்து, மறுபடி மூடிவிட்டால்?

பதில்: வேண்டாம். அது மறைக்கும், மக்க வைக்காது.

கேள்வி: டிஷ்யூ பேப்பரைக் கொளுத்திவிடலாமா? வெட் வைப்ஸைப் புதைக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ஈரமான பேப்பர் முழுதாக எரியாது. அதிலிருந்து பறக்கும் ஒரு பொறி காட்டையே கொளுத்திவிடும். வைப்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. உறையில் "மக்கும்" என்று அச்சிட்டிருந்தாலும் காட்டு மண்ணில் அதை நம்பாதீர்கள். இரண்டையும் ஜிப் வைத்த பையில் போட்டு, அதை உள்ளே தெரியாத இன்னொரு பைக்குள் வைத்துத் திரும்ப எடுத்து வாருங்கள். உள்ளே கொஞ்சம் சமையல் சோடா தூவினால் நாற்றம் குறையும். நாப்கின், டாம்பன், குழந்தையின் டயப்பர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்கள் அதில் சேர்ந்ததை மலத்துக்குத் தோண்டுவது போன்ற குழியில் கொட்டி மூடலாம்.

கேள்வி: எனக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. ஓடைக்கரையில் கழுவலாமா?

பதில்: தண்ணீர்தான் நல்லது, பேப்பர் சுமக்கும் வேலை மிச்சம். ஆனால் ஓடையைத் தேடிப் போகாதீர்கள், தண்ணீரைக் குழிக்கு எடுத்துப் போங்கள். அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் நாலைந்து சிறு துளை போட்டால் பீய்ச்சி அடிக்கும், செலவும் குறையும். அந்தப் பாட்டிலுக்கு அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள். கழுவிய நீர் குழிக்குள்ளேயே விழட்டும்.

கேள்வி: கை கழுவ சானிட்டைசர் போதாதா?

பதில்: போதாது. வாந்தி, பேதி கொண்டுவரும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் வைத்து 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள், அதுவும் ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளித்தான். குழுவில் ஒருவர் கழுவாமல் சமையல் பாத்திரத்தைத் தொட்டால் மறுநாள் எல்லோரும் மண்வெட்டிக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: சிறுநீருக்கும் குழி வேண்டுமா?

பதில்: தேவையில்லை. செடிமேல் போகாமல் பாறையிலோ வெறும் தரையிலோ போங்கள். அதிலுள்ள உப்புக்காக விலங்குகள் செடியைக் கடித்துக் குதறும்.

கேள்வி: பனிமலையிலும் வெறும் பாறையிலும் எங்கே தோண்டுவது?

பதில்: தோண்டவே கூடாது. பனியில் எதுவும் மக்காது. உருகும்போது அப்படியே மேலே வந்து நீரோடு இறங்கும். உயர்ந்த பாறைச் சரிவில் மண்ணே இல்லை, குறுகிய பள்ளத்தாக்கில் 60 மீட்டர் தள்ளிப் போக இடமில்லை. இங்கெல்லாம் மலத்தையே சுமந்து இறங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கும் பொடி போட்ட இரட்டைப் பைகள் இதற்கென்றே விற்கின்றன. நாளுக்கு ஒன்று, கையிருப்பாக இன்னொன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். பையை உணவோடு சேர்க்காமல் முதுகுப்பைக்கு வெளியே, மூடி இறுகிய டப்பாவில் கட்டுங்கள். கூடாரக் கம்பியில் உரசினால் பை கிழியலாம்.

கேள்வி: இருட்டில் அவசரம் வந்தால்?

பதில்: கூடாரம் போட்ட கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்துக் குழி தோண்டி, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். விடியும்வரை தேவைப்படவில்லை என்றால் அப்படியே மூடிவிட்டுக் கிளம்புங்கள்.