மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிகிறதா? கிளாட் எழுதுவோருக்குப் பதில்கள்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் பல ஆண்டுகளாக மாணவர்களைத் தயார்செய்து வருகிறேன். அக்டோபர் வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மதிப்பெண் ஏன் இறங்குகிறது? கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (ப்ளஸ் டூ மாணவி, திண்டுக்கல்): அக்கா, ஆகஸ்டில் 120க்கு 84 எடுத்தேன். பிறகு 78, 71, கடைசியாக 66. தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுதியும் இப்படி.

தினமும் எழுதுவதால்தான் இப்படி. இரண்டு மணி நேரம் எழுதிய தாளைப் பிரித்துப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். தினமும் எழுதுகிறவருக்கு அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? நேற்றைய பிழையையே இன்றும் செய்து, அதற்கு மதிப்பெண்ணும் போட்டுப் பார்க்கிறீர்கள்.

84க்கும் 66க்கும் இடையில் 18 மதிப்பெண். பயப்படாமல் கணக்குப் பாருங்கள். சரியாக வர வேண்டிய விடை தவறாகப் போனால் இழப்பது ஒன்றேகால் மதிப்பெண். வர வேண்டிய ஒன்று போகிறது, அபராதமாகக் காலும் போகிறது. ஆக, பதினான்கு பதினைந்து கேள்விகள்தான் இடம் மாறியிருக்கின்றன. அறிவு குறைந்துவிடவில்லை.

66 வந்த தாளை எடுத்து, ஒவ்வொரு தவறின் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். விடை தெரியாமல் தவறாகப் போட்டது ‘தெ’, கேள்வியைச் சரியாகப் படிக்காதது ‘ப’, கடைசி நேர அவசரத்தில் போட்டது ‘அ’. பிறகு எண்ணிச் சொல்லுங்கள். அதுவரை புதிய தேர்வு வேண்டாம்.

கேள்வி (மாணவர், நாகர்கோவில்): சட்டப் பகுதியில் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்த பிறகு குறைகிறது. இது எப்படி?

வருடா வருடம் நான் பார்க்கிற விபத்து இது, தம்பி. ஓர் உதாரணம். ‘பிறர் நிலத்தில் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல், தவறுதலாக நுழைந்தாலும் பொறுப்பு உண்டு’ என்கிறது வினாத்தாளில் கொடுத்திருக்கும் பத்தி. இருட்டில் தன் தோட்டம் என்று நினைத்துப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டார் ஒருவர். பொறுப்பு உண்டா? எதுவும் படிக்காத மாணவர் ‘உண்டு’ என்று போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார். நீங்கள் குற்றவியல் சட்டத்தைப் புரட்டியவர். குற்ற நோக்கம் வேண்டுமே என்று யோசித்து ‘இல்லை’ என்று போடுவீர்கள். குற்ற அத்துமீறலுக்கு நோக்கம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பத்தி பேசுவது உரிமையியல் தீங்கைப் பற்றி. பத்தியில் இருக்கும் விதியே அந்தக் கேள்விக்குச் சட்டம். புத்தகங்களைக் கல்லூரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளாட்டைத் தமிழில் எழுதலாமா?

முடியாது, ஆங்கிலம் மட்டுமே. திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கல்லூரிகளுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். அதை அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: 2015 வினாத்தாளில் 200க்கு 140 வந்தது. புதிய தாளில் 120க்கு 70தான். சரிந்துவிட்டேனா?

அது வேறு தேர்வு. 2020 முதல் எல்லாமே பத்தியைப் படித்து விடை சொல்வது. 120 கேள்விகள் ஆனது 2023 டிசம்பரில். பழைய தாளைக் கட்டி வையுங்கள்.

கேள்வி (தந்தை, கோவை): நான் பொறியாளர், மேடம். தெரியாததை விட்டுவிடச் சொல்கிறீர்களாமே. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிப் போட்டாலும் லாபம்தானே? 16 கேள்விகளில் 4 சரி, 12 தவறு. 4இல் 3 போனால் ஒன்று மிச்சம்.

கணக்கு சரி, ஐயா. ஆனால் உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டா போடுகிறார்? பத்தியைப் பாதி படித்துவிட்டுப் போடுகிறார். பாதி படித்தவரைப் பிடிப்பதற்கென்றே ஒரு விடையைச் செய்து வைத்திருப்பார்கள். அங்கே நான்கில் ஒன்று கிடைக்காது.

அதே தந்தை: ஐந்தில் ஒன்று சரியானாலே நட்டமில்லையே?

ஆம், ஒன்று வந்து நான்கு கால் போனால் பூஜ்யம். ஐந்தில் ஒன்றுகூட வராத மாணவர்களின் தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், சென்னை): அவர் சொல்வதே சரி, அக்கா. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் விடுவது முட்டாள்தனம்.

இரண்டை நீக்கிய பிறகு விடு என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாகப் போடுங்கள். கடைசி நிமிடத்தில், படிக்கவே படிக்காத பத்திக்குக் கண்ணை மூடிப் போடுவதையும் இனி தடுக்க மாட்டேன். அதில் ஐயா வென்றார். பாதி படிப்பைத்தான் எதிர்க்கிறேன். இத்துடன் இதை நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: 90இலிருந்து 77க்கு வந்துவிட்டேன். என்ன செய்யலாம்?

முதல் பதில்.

கேள்வி: தினமும் இரண்டு மாதிரித் தேர்வு எழுதினால் ஏறுமா?

முதல் பதிலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா?

கேள்வி: பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து இரவு 11 மணிக்குக் கணினியில் எழுதுகிறேன். மதிப்பெண் ஆடுகிறது.

உண்மைத் தேர்வு பகல் 2 மணிக்கு, காகிதத்தில், பேனாவால் வட்டம் நிரப்பி. இரவு 11 மணி மதிப்பெண் உங்கள் தூக்கத்தின் மதிப்பெண். வாரம் ஒன்று, பகலில், அச்செடுத்த தாளில் எழுதுங்கள். எழுதிய அன்றே பிரித்துப் பாருங்கள்.

கேள்வி (தாய், மதுரை): மகன் மதிப்பெண்ணைச் சொல்வதே இல்லை. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

இரண்டு வாரம் கேட்காதீர்கள், அம்மா. சாப்பிட்டானா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மீண்டும் திண்டுக்கல் மாணவி: எண்ணிவிட்டேன், அக்கா. சரி 75, தவறு 36, விட்டது 9. ‘தெ’ 8, ‘ப’ 11, ‘அ’ 17. அந்த 17இல் 12 நடப்பு நிகழ்வுகள். அதைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

விடை தெரிந்த கேள்விகளை அவசரத்தில் வீணடித்திருக்கிறீர்கள். நடப்பு நிகழ்வுகளில் பெரும்பாலும் தெரியும் அல்லது தெரியாது. உட்கார்ந்து யோசிக்க அதிகம் இல்லை. அதை முதலில் எடுங்கள், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிறு பகல் 2 மணிக்கு ஒரே ஒரு தேர்வு. திங்கட்கிழமை எனக்கு ‘தெ’, ‘ப’, ‘அ’ எண்ணிக்கை மட்டும் அனுப்புங்கள், மதிப்பெண் வேண்டாம்.