உவரிப் பாசிச் சாறு மிளகாய்ப் பழ அழுகலைத் தடுக்குமா?

கேள்வி: மானூர் பக்கம் மிளகாய் போட்டிருக்கிறேன். உவரிக் கரையில் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசியைக் காய்ச்சி அடித்தேன். பழ அழுகல் குறைந்த மாதிரி தெரிகிறது. பாசிதான் காரணமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: அடித்த கையோடு மழை வெறித்திருந்தாலும் அழுகல் குறையும். வயலை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பறித்த பழத்திலேயே ஒரு வாரத்தில் சோதித்துவிடலாம்.

முதலில் உப்பைக் கவனியுங்கள். அழுகலை உண்டாக்கும் பூசணத்தை உப்பே ஓரளவு அடக்கலாம். கூடினால் இலையைக் கருக்கும். பாசியை நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, நிழலில் காயவைத்து இடியுங்கள். 100 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் அரை மணி நேரம் காய்ச்சி, துணியில் வடிகட்டி, வற்றியதற்குத் தண்ணீர் சேர்த்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். அதில் சமபங்கு தண்ணீர் கலந்தால் சோதனைக்கான சாறு தயார். அன்றே பயன்படுத்த வேண்டும், புளித்தால் அது வேறு சரக்கு. மண் பரிசோதனை நிலையத்தில் சாற்றின் மின்கடத்தும் திறனை (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) பார்த்து, அதே அளவு வரும்படி உப்புத் தண்ணீரும் கலந்து வையுங்கள். இதை விட்டால் சோதனையே வீண்.

புள்ளியில்லாத, காம்போடு கூடிய 40 பழங்களைக் கழுவித் துடைத்துப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். வெறும் தண்ணீர், உப்புத் தண்ணீர், பாசிச் சாறு, லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் (பூசணக்கொல்லி மருந்து) என நான்கிலும் பத்து நிமிடம் முக்கி உலர்த்துங்கள். அழுகிய பழத்தில் வளையம் வளையமாகக் கரும்புள்ளியும், ஈரத்தில் இளஞ்சிவப்புப் பசையும் தெரியும். அந்தப் பசைதான் பூசணத்தின் வித்து. அதைச் சுரண்டி, கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். ஒவ்வொரு பழத்திலும் ஊசியால் ஒரு குத்து, அதன்மேல் ஒரு சொட்டு. ஈரத்தாள் விரித்த டப்பாவில் மூடி வைத்து, ஏழாம் நாள் புள்ளியின் அகலத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

வெறும் தண்ணீர்ப் பழத்தில் சராசரி 20 மி.மீ., சாற்றில் 12 என்றால் 40 சதம் தடுப்பு. உப்புத் தண்ணீரிலும் 12 வந்தால் வேலை செய்தது உப்பு, பாசியல்ல. வெறும் தண்ணீர்ப் பழமே அழுகவில்லையா? வித்து செத்திருக்கும், மறுபடி செய்யுங்கள்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் பயிர் நோயியல் துறையில் விசாரித்தால், சாறு கலந்த உருளைக்கிழங்கு அகார் (பூசணம் வளர்க்கும் கூழ்) தட்டில் பூசணத்தை வளர்த்துப் பார்க்கும் முறையைச் சொல்வார்கள். தட்டில் பூசணம் தழைத்தாலும் பாசியைத் தள்ளிவிடாதீர்கள். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியிலுள்ள லாமினாரின் என்ற மாவுப்பொருள் பூசணத்தைக் கொல்லாமல், செடியின் எதிர்ப்பைத் தூண்டும். அது உயிருள்ள செடியில்தான் தெரியும். ஆகவே நாலு வரிசைக்குச் சாறு, பக்கத்து நாலு வரிசைக்கு வெறும் தண்ணீர் அடித்து ஒப்பிடுங்கள். பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற பொருளின் கொழகொழப்பு தெளிப்பானின் நாசிலை அடைக்கும், இரண்டு முறை வடிகட்டுங்கள். முடிவு தெரியும்வரை மற்ற வரிசைகளுக்கு மேங்கோசெப்பை நிறுத்த வேண்டாம்.